ஜப்பான் பொண்ணுங்களும் ஜாஸும்: சோத்துக்கு ஆரம்பிச்ச கதை

கேள்வி இதுதான்: "ஜப்பான் ஸ்கூல் பொண்ணுங்க சாக்ஸஃபோன், டிராம்போன்லாம் வச்சுக்கிட்டு ஸ்விங் ஜாஸ் வாசிக்கிற வீடியோ நிறைய கண்ணுல படுது. இது இப்ப வந்த ட்ரெண்டா? அமெரிக்காக்காரங்க மியூசிக்கை காப்பி அடிக்கிறது தானே? இதுல நெஜமாவே பெரிய ஆளுன்னு யாராச்சும் இருக்காங்களா?"

ட்ரெண்டுலாம் இல்லைங்க, இது நூறு வருஷத்தை தொடப்போற கதை. காப்பியான்னு கேட்டா ஆரம்பத்துல ஆமா, அதை அவங்களே மறைச்சதில்ல. பெரிய ஆளுன்னா பியானோ வாசிச்சு சொந்த பேண்டும் நடத்துன தோஷிகோ அகியோஷின்னு ஒரு பேரே போதும், ஆனா நேரா அவங்ககிட்ட போயிட்டா பாதி விஷயம் புரியாம போயிடும். ஏன்னா ஜப்பான்ல பொண்ணுங்க ஜாஸுக்குள்ள வந்தது ஏதோ கலை தாகத்துல மட்டும் இல்ல, பெரும்பாலும் வீட்டுல அரிசி வாங்கணும்ங்கிறதுக்காக. இதை புடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா வரிசையில வந்து நிக்கும்.

1920கள்ல ஜப்பான்ல ஜாஸுன்னா அது டான்ஸ் ஹால்ல வாசிக்கிறதுதான், அதுலயும் முதல்ல களை கட்டுனது டோக்கியோ இல்ல, ஓசாகா. 1923ல பெரிய பூகம்பம் வந்து டோக்கியோ தரைமட்டமானதும் அங்க இருந்த வாத்தியக்காரங்க நிறைய பேரு ஓசாகா பக்கம் வந்துட்டாங்க. அப்புறம் ஓசாகா அதிகாரிங்க டான்ஸ் ஹால்கள் மேல கெடுபிடி பண்ண ஆரம்பிச்சதும் திரும்ப டோக்கியோவுக்கு போனாங்க. இதுக்கு நடுவுல இன்னொன்னு வளர்ந்துச்சு, பொண்ணுங்க மட்டுமே ஆடிப் பாடுற ரெவ்யூ கம்பெனிங்க. அதுல ரொம்பப் பேர் போனது தகராசுகா, அதுக்கு போட்டியா ஷோச்சிகு. பன்னெண்டு பதிமூணு வயசு பொண்ணை சேத்துக்கிட்டு ஆட்டம், பாட்டு, மேடையில நிக்கிறது எல்லாம் சொல்லிக் குடுத்து சம்பளமும் குடுப்பாங்க. ஏழை வீட்டு பொண்ணுக்கு ஃபேக்டரி வேலையை விட்டா வேற வழி அவ்வளவா இல்லாத காலத்துல இது எவ்வளவு பெரிய கதவுன்னு யோசிச்சுக்கோங்க.

அந்த கதவு வழியா வந்தவங்கதான் ஷிஸுகோ கசாகி. 1914ல பொறந்தவங்க, வளர்ந்தது ஓசாகா. தகராசுகாவுக்கு போய் ஆளு சின்னதா இருக்குன்னு கழிச்சுக் கட்டிட்டாங்க. 1927ல, பதிமூணு வயசுல, ஓசாகா ஷோச்சிகு கம்பெனியில சேந்தாங்க. 1938ல டோக்கியோவுக்கு வந்தப்பதான் இசையமைப்பாளர் ரியோஇச்சி ஹத்தோரியை சந்திக்கிறாங்க. ஹத்தோரியும் ஓசாகாக்காரர்தான், எம்மானுவேல் மெட்டர்ங்கிற உக்ரைன்ல இருந்து வந்த ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர்கிட்ட ஹார்மனி, அதாவது சுரங்களை ஒன்னா அடுக்குறது, படிச்சவர், அதனால ஜாஸை ஏதோ கேட்டு கேட்டு அடிச்சவர் இல்ல, உள்ள பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சவர். அவரு கசாகியை முதல் தடவை பாத்தப்ப தலையில துணியைக் கட்டிக்கிட்டு தூங்கி வழியிற கண்ணோட ஒரு குட்டி பொண்ணு வந்து நிக்குது, ஏதோ கடையில எடுபிடி வேலை செய்யிற பொண்ணுன்னு நெனைச்சாராம். ராத்திரி மேடையில நீள நீளமா பொய் இமை ஒட்டிக்கிட்டு அதே ஆளு ஆடுறதைப் பாத்துட்டு மனுஷன் ஆடிப் போயிட்டார்.

ஹத்தோரி செஞ்ச முக்கியமான வேலை, கசாகியோட குரலை மாத்துனது. ரெவ்யூல பொண்ணுங்கன்னா குரலை மேல ஏத்தி மெல்லிசா இழுத்துப் பாடணும்னு ஒரு வழக்கம். அவரு அதெல்லாம் விட்டுட்டு பேசுற குரல்லயே பாடுன்னாரு. 1939ல வந்த ரெக்கார்டுல கசாகி ட்ரம்பெட்டோட மாறி மாறி ஸ்காட் பாடுறாங்க, அதாவது வார்த்தையே இல்லாம வெறும் சத்தத்தாலேயே வாத்தியத்துக்கு பதில் சொல்றது. இன்னைக்கும் கேட்டுப் பாருங்க, அந்தக் குரல்ல ஒரு கூச்சமும் இருக்காது.

அங்கேயே போலீஸும் வந்துருச்சு. சீனாவோட போர் நடந்துக்கிட்டு இருந்த நேரம், மேடையில துள்ளி ஆடுறது நாட்டு நிலைமைக்கு ஆகாதுன்னு மைக்கை சுத்தி மூணு ஷாக்கு சதுரத்துக்குள்ளயே நின்னு பாடணும்னு உத்தரவு. மூணு ஷாக்குன்னா கிட்டத்தட்ட தொண்ணூறு சென்டிமீட்டர். மேடை பூரா ஓடுற ஒரு ஆளை ஒரு பாய் அகலத்துல நிறுத்தி வச்சாங்க. பொய் இமையையும் கழட்டச் சொல்லிட்டாங்க. 1940 அக்டோபர் கடைசியோட டான்ஸ் ஹாலுங்க எல்லாம் மூடியாச்சு, 1943ல அமெரிக்க, பிரிட்டிஷ் பாட்டு ஆயிரம் வரைக்கும் லிஸ்ட் போட்டு தடை பண்ணாங்க. இந்த நேரத்துல நோரிகோ அவாயான்னு இன்னொரு பாடகி, ஜப்பான்ல ப்ளூஸ் ராணின்னு சொல்வாங்க, எல்லா பொம்பளைங்களும் தொளதொள பேண்ட் போட்டே ஆகணும்னு அரசாங்கம் சொன்னப்ப முடியாதுன்னு கவுனும் லிப்ஸ்டிக்குமா மேடையேறுனாங்க. அவங்களைப் பத்தி தனியாவே எழுதலாம், இங்க விட்டுடறேன்.

போர் முடிஞ்சு 1947. கசாகியோட காதலர் எய்சுகே யோஷிமோட்டோ, பெரிய நாடகக் கம்பெனி குடும்பத்துப் பையன், காச நோயில மே மாசம் செத்துட்டார். கல்யாணம் ஆகல. சில நாள் கழிச்சு ஜூன்ல பெண் குழந்தை பொறக்குது. கைக்குழந்தையோட நிக்கிற கசாகி ஹத்தோரிகிட்ட வந்து திரும்ப நிக்கிறதுக்கு ஒரு பாட்டு வேணும்னு கேக்குறாங்க. அவரு ராத்திரி கூட்டமான சூவோ லைன் ரயில்ல தொங்கிக்கிட்டு வர்றப்ப சக்கரச் சத்தத்துல ஒரு தாளம் மாட்டிருச்சு, மறந்துடக் கூடாதுன்னு நிஷி ஓகிகுபோ ஸ்டேஷன்ல குதிச்சு இறங்கி பக்கத்து காபி கடைக்குள்ள ஓடி பேப்பர் நாப்கின்ல எழுதி வச்சாராம். அதுதான் டோக்கியோ பூகி வூகி, பூகின்னா துள்ளி ஓடுற ஒரு ஜாஸ் தாளம். வரிகள் எழுதுன மசாரு சுசுகி யாருன்னு பாத்தா, ஜென் தத்துவத்தை உலகம் பூரா கொண்டு போன டி.டி. சுசுகியோட வளர்ப்பு மகன். அப்பா தியானம், புள்ள பூகி.

செப்டம்பர்ல ரெக்கார்டிங். ஸ்டுடியோவுக்கு பக்கத்துலயே அமெரிக்க சோல்ஜருங்க கிளப்பு, சுசுகிக்கு அங்க பழக்கம், விஷயம் தெரிஞ்சு சோல்ஜருங்க கூட்டமா உள்ள வந்து உக்காந்துட்டாங்க. வெளிய போன்னு சொல்ற நிலைமையில யாரும் இல்ல, போர்ல ஜப்பான் தோத்ததுல இருந்து நாட்டையே அவங்கதான் ஆள்றாங்க. பாடுற வரைக்கும் மூச்சு விடாம இருந்துட்டு, ஓகே ஆனதும் கத்தி தீத்துட்டாங்களாம். அமெரிக்காக்காரங்க மியூசிக்கை அவங்க முன்னாடியே பாடி பாஸ் ஆனதுதான் அந்த பாட்டுக்கு முதல் ரிசல்ட். 1948 ஜனவரியில ரெக்கார்டு வந்துச்சு, ஊரே பாடுச்சு. அதே வருஷம் டைரக்டர் குரோசவா எடுத்த டிரங்கன் ஏஞ்சல்ங்கிற குடிகார டாக்டர் படத்துல கேபரே சீன்ல கசாகி ஒரு காட்டுத்தனமான பூகி பாடுறாங்க, வாயை அத்தனை பெருசா தொறந்து ஒரு பாடகி கேமராவை பாத்து கத்துறதை அதுக்கு முன்னாடி ஜப்பான் சினிமா பாத்திருக்குமான்னு தெரியல. தெருவுல நின்னு பொழைச்ச பொண்ணுங்கதான் அவங்களோட பெரிய ரசிகைங்க, தியேட்டர்ல முன் வரிசையில வந்து உக்காந்துக்குவாங்க. குழந்தையை மேக்கப் ரூம்ல விட்டுட்டு மேடைக்கு வர்ற ஒரு தனி அம்மாவை அவங்களுக்கு புடிக்காம யாருக்கு புடிக்கும். 2023 அக்டோபர்ல இருந்து 2024 மார்ச் வரைக்கும் என்.எச்.கே. டி.வி.ல காலை சீரியலா வந்தது இந்தம்மா கதைதான், பேரெல்லாம் மாத்தி.

அடுத்த கதவு அமெரிக்க ராணுவ கேம்ப். 1945க்கு அப்புறம் ஜப்பான் பூரா கேம்ப், ஒவ்வொன்னுலயும் ஆபீசருக்கு ஒரு கிளப்பு, சார்ஜெண்டுக்கு ஒரு கிளப்பு, சிப்பாய்க்கு ஒரு கிளப்பு, எல்லாத்துக்கும் தினமும் மியூசிக் பேண்ட் வேணும். சாயங்காலம் டோக்கியோ ஸ்டேஷன் பக்கத்துல ராணுவ லாரி வந்து நிக்கும், வாத்தியத்தோட நிக்கிறவனையெல்லாம் ஏத்திக்கிட்டு போகும். ஆடிஷன் வச்சு கிரேடு போட்டு அதுக்கேத்த சம்பளம். ஊர்ல சோத்துக்கே வழியில்லாதப்ப கேம்புல வாசிச்சா காசும் உண்டு, சாண்ட்விச்சும் உண்டு.

சியெமி எரி அப்படி வந்தவங்கதான். 1937ல பொறந்தவங்க, அப்பா வாத்தியக்காரர், வேலை போயிருச்சு, அம்மாவுக்கு உடம்பு முடியல, ஆரம்பப் பள்ளி வயசுலயே கேம்ப் கேம்பா போய் பாட ஆரம்பிச்சாச்சு. சோல்ஜர் ஒருத்தர் குடுத்த ரெக்கார்டைக் கேட்டு கத்துக்கிட்ட டென்னஸி வால்ட்ஸ்ங்கிற அமெரிக்கப் பாட்டை பாதி ஜப்பானிஸ் பாதி இங்கிலீஷா பாடுனாங்க, ரெக்கார்டிங் அப்ப வயசு பதினாலு, 1952ல வெளிவந்து பெரிய ஹிட். அவங்களும், இன்னும் ரெண்டு பாடகிங்க இஸுமி யுகிமுராவும் ஹிபாரி மிசோராவும் மூணு பேருமே 1937ல பொறந்தவங்க, சேத்து மூணு பொண்ணுங்கன்னே கூப்பிடுவாங்க. ஹிபாரி சின்ன வயசுல பேர் வாங்குனதே கசாகி மாதிரி பாடித்தான், அதுல ரெண்டு தரப்புக்கும் கசப்பு வந்தது வேற கதை.

நான்சி உமெகியையும் இங்க சொல்லியே ஆகணும். நெஜப் பேரு மியோஷி உமெகி, ஹொக்கைடோவுல ஓதாரு. வீட்டுல வெஸ்டர்ன் பாட்டு ஆகாது, தலையில வாளியை கவுத்துக்கிட்டு பாடிப் பழகுனாங்கன்னு ஒரு கதை சொல்வாங்க. அண்ணன் மூலமா சோல்ஜர் பேண்டோட பழக்கம், அப்புறம் ஜப்பான்ல ஜாஸ் ரெக்கார்டுங்க, 1955ல அமெரிக்கா. 1957ல வந்த சயோனரா படத்துக்கு பெஸ்ட் சப்போர்ட்டிங் ஆக்ட்ரஸ் ஆஸ்கர் வாங்குனாங்க. அதுக்கப்புறம் ஒரு ஆசிய நடிகை நடிப்புக்கு ஆஸ்கர் வாங்க 2021 வரைக்கும், கொரியாவோட யூன் யோ ஜோங் வர்ற வரைக்கும் ஆச்சு. சோகமான விஷயம் என்னன்னா, ஹாலிவுட்ல அவங்களுக்கு கெடைச்சதெல்லாம் தலை குனிஞ்சு சிரிக்கிற பொண்ணு வேஷம்தான். அவங்க ஜப்பான்ல பாடுன பழைய ரெக்கார்டுகளை கேட்டவங்களுக்கு எரிச்சலா இருக்கும், அவ்வளவு நிதானமா, கொஞ்சம் பின்தங்கி, தாளத்து மேல சாஞ்சு பாடுவாங்க.

கவனிச்சீங்களா, இதுவரைக்கும் சொன்ன எல்லாருமே பாடகிங்க. வாத்தியம், அரேஞ்மெண்ட் (எந்த வாத்தியம் எதை வாசிக்கணும்னு எழுதுறது), பேண்ட் நடத்துறது எல்லாம் ஆம்பளைங்க கையில. அதை உடைச்சது தோஷிகோ.

1929ல மஞ்சூரியாவுல பொறந்தவங்க, சின்ன வயசுலயே கிளாசிக்கல் பியானோ. போர் முடிஞ்சதும் சொத்தெல்லாம் போச்சு, 1946ல குடும்பம் வெறுங்கையோட கியூஷு தீவுல பெப்பு ஊருக்கு வந்து சேந்துச்சு. வீட்டுல பியானோ கிடையாது, வாங்கவும் முடியாது. தெருவுல போறப்ப டான்ஸ் ஹால் வாசல்ல பியானோ வாசிக்க ஆள் தேவைன்னு போர்டு. பியானோ தொடலாமேன்னு உள்ள போனவங்கதான். அப்பாவுக்கு புடிக்கல, பொண்ணு மெடிக்கல் படிக்கணும்னு ஆசை, சரி காலேஜ் தொறக்குற வரைக்கும் வாசிச்சுக்கோன்னாரு. காலேஜ் தொறந்துச்சு, இவங்க போகல. ஒரு ரெக்கார்டு பைத்தியம் புடிச்ச ரசிகர் இவங்களை கூப்பிட்டு அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் டெட்டி வில்சன் வாசிச்ச ரெக்கார்டு ஒன்னைப் போட்டுக் காட்டினார், ஒவ்வொரு நோட்டும் முத்து முத்தா உருண்டு வர்றதைக் கேட்டதும் அன்னைக்கு முடிவு பண்ணிட்டாங்க.

டோக்கியோ வந்தாங்க. ஸ்கூலோ வாத்தியாரோ கிடையாது. யோகோஹாமாவுல 1933ல ஆரம்பிச்ச சிகுசான்னு ஒரு ஜாஸ் காபி கடை, ஒரு காபியை வாங்கி வச்சுக்கிட்டு மணிக்கணக்கா ரெக்கார்டு கேக்கலாம், அங்க உக்காந்து இன்னொரு அமெரிக்க பியானோக்காரர் பட் பவல் வாசிக்கிறதை காதால கேட்டு கையால எழுதிக்கிட்டாங்க. காப்பின்னு கேட்டீங்கல்ல, இதுதான் அந்த காப்பி. சொந்தமா குவார்டெட், அதாவது நாலு பேர் பேண்ட் வச்சாங்க, பின்னாடி ஜப்பான் ஜாஸ்ல பெரிய பேரான சதாவோ வதனாபே இவங்க பேண்ட்ல சாக்ஸ் வாசிச்ச பையன். 1953ல டூர் வந்த பேர் போன ஜாஸ் பியானோக்காரர் ஆஸ்கர் பீட்டர்சன் டோக்கியோவுல இவங்க வாசிக்கிறதைக் கேட்டுட்டு புரொட்யூசர் நார்மன் கிரான்ஸ்கிட்ட சொல்லி, பீட்டர்சனோட ஆளுங்களான ரே பிரவுன், ஹெர்ப் எல்லிஸ் கூடவே ரெக்கார்டு பண்ண வச்சாரு. 1956ல ஸ்காலர்ஷிப்ல பாஸ்டன் பெர்க்லி மியூசிக் ஸ்கூல், அந்த ஸ்கூலோட முதல் ஜப்பான் ஸ்டூடண்ட்.

அமெரிக்கா கொண்டாடுச்சு, ஆனா எப்படின்னா, கிமோனோ கட்டி டி.வி. ஷோவுல உக்கார வச்சு. ஜப்பான் பொண்ணு பட் பவல் மாதிரி வாசிக்கிறது அப்ப ஒரு விசித்திரம், அதனாலதான் அத்தனை கவனிப்புன்னு அவங்களே பின்னாடி பட்டவர்த்தனமா சொல்லியிருக்காங்க. அந்த புதுமை தீந்ததும் வேலை சுருங்கிருச்சு. பேர் போன ஜாஸ்காரர் சார்ல்ஸ் மிங்கஸ் கூட வாசிச்சாங்க, கல்யாணம் ஆச்சு, 1963ல பொண்ணு மிச்சிரு பொறந்தா, டைவர்ஸ் ஆச்சு. 1967ல நியூயார்க் டவுன் ஹால்ல தன்னோட இசையை தானே காசு போட்டு மேடையேத்தணும்னு ஹோட்டல் லவுஞ்சு லவுஞ்சா மாசக்கணக்குல பியானோ வாசிச்சு பணம் சேத்தாங்க. பேரு வாங்கி பத்து வருஷம் கழிச்சும் நிலைமை இது.

திருப்பம் லாஸ் ஏஞ்சலஸ். ரெண்டாவது கணவர் லியூ டபாக்கின், டெனர் சாக்ஸும் ஃப்ளூட்டும் வாசிக்கிறவர், டி.வி. பேண்ட் வேலைக்காக 1972ல அங்க குடிபோனாங்க, 1973ல பதினாறு பேர் பேண்ட். பிக் பேண்டுன்னு சொல்ற இந்த மாதிரி பெரிய பேண்டோட காலமே முடிஞ்சு போச்சுன்னு எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்த நேரம். ஸ்டுடியோ வேலை பாத்து சலிச்ச வாத்தியக்காரங்க ரிகர்சலுக்கு வந்தது காசுக்கு இல்ல, இவங்க எழுதுற பேப்பர் அவ்வளவு கஷ்டமா, அவ்வளவு சுவாரஸ்யமா இருந்ததால.

1974ல முதல் ஆல்பம், கோகுன். போர் முடிஞ்சதை நம்பாம பிலிப்பைன்ஸ் காட்டுல 29 வருஷம் ஒளிஞ்சிருந்த ஹிரோ ஒனோடாங்கிற ஜப்பான் ராணுவ அதிகாரி அந்த வருஷம்தான் வெளிய வந்தாரு, டைட்டில் பீஸ் அவரைப் பத்தி. அதுல நோங்கிற பழைய ஜப்பான் நாடகத்துல வர்ற சுசுமி மேளமும், அந்த அடிவயித்துல இருந்து வர்ற கூப்பாடும் பிக் பேண்ட் நடுவுல வந்து நிக்கும். இது ஏன் கஷ்டம்னா, ஸ்விங்குக்கு தாளம் ஒரே சீரா ஓடணும், அதுக்குள்ள ஒரு அடி நீளம் ஒரு அடி குட்டை, நொண்டி ஆடுற பொண்ணு மாதிரி. நோ மேளத்துல காலமே ரப்பரா இழுபடும், அடி எப்ப விழும்னு வாசிக்கிறவருக்குத்தான் தெரியும். ரெண்டையும் ஒன்னா கலக்க முயற்சி பண்ணியிருந்தா குழம்பிப் போயிருக்கும், தோஷிகோ கலக்கல, ஒன்னு மேல ஒன்னு வச்சாங்க, ரெண்டும் தன் தன் நேரத்துல போகுது. அதே வருஷம் மே மாசம் அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் மேதை ட்யூக் எலிங்டன் இறந்தாரு, தன் இனத்தைப் பத்தின பெருமை அவரோட இசையில எப்படி ஓடுச்சுன்னு விமர்சகர் நாட் ஹென்டாஃப் எழுதுனதைப் படிச்சுட்டு, தன்னோட ஜப்பானிய வேரை ஜாஸுக்குள்ள கொண்டு வர்றதுதான் தன் வேலைன்னு இன்னும் உறுதியானதா சொல்வாங்க. காப்பின்ற பேச்சு என்னைப் பொறுத்தவரைக்கும் அந்த இடத்தோட முடிஞ்சு போச்சு.

1976ல வந்த இன்சைட்ஸ் ஆல்பத்துல மினமாதான்னு நீளமான ஒரு பீஸ். ஃபேக்டரி பாதரசக் கழிவை கடல்ல விட்டு, அந்த மீனைத் தின்ன மீனவக் குடும்பங்க நரம்பு செத்து முடங்கிப் போன ஊரு. ஆரம்பத்துல ஒரு சின்னப் பொண்ணு குரல், ஒரு கிராமம் இருந்துச்சு, அதுக்குப் பேரு மினமாதான்னு சாதாரணமா சொல்லும். அது அவங்க மக மிச்சிரு. அப்புறம் அமைதியான கிராமம், அப்புறம் ஃபேக்டரி வந்த செழிப்பும் அதோட விளைவும், அப்புறம் முடிவுரை. செழிப்பு வர்ற பகுதியில பேண்ட் உண்மையிலேயே ஜாலியா ஸ்விங் பண்ணும், அதுதான் குரூரம். இவங்க அரேஞ்மெண்ட்ல இன்னொரு அடையாளம் சாக்ஸ் வரிசை. அஞ்சு பேரும் சாக்ஸை கீழ வச்சுட்டு ஃப்ளூட், பிக்கலோ, கிளாரினெட்டுன்னு எடுப்பாங்க, பதினாறு பேர் பேண்ட் திடீர்னு மூங்கில் காடு மாதிரி ஆயிடும்.

டவுன்பீட்ங்கிற அமெரிக்க ஜாஸ் பத்திரிகையோட வாசகர் ஓட்டுல பெஸ்ட் அரேஞ்சர், கம்போசர் ரெண்டும் வாங்குன முதல் பொம்பளை இவங்கதான். கிராமிக்கு 14 தடவை நாமினேட் ஆனாங்க, ஒன்னு கூட குடுக்கல, அது கிராமிக்குத்தான் அசிங்கம். 2001 ஆகஸ்ட் 6 அன்னைக்கு ஹிரோஷிமாவுலயே ஹிரோஷிமாவைப் பத்தின பீஸை வாசிச்சாங்க. குண்டு விழுந்த ஊரைப் பத்தி எழுத என்ன இருக்குன்னு முதல்ல தயங்குனவங்க, நிலத்தடி ஷெல்டர்ல இருந்து வெளிய வந்த ஒரு இளம்பொண்ணு சிரிக்கிற பழைய ஃபோட்டோ ஒன்னைப் பாத்துட்டுத்தான் ஒத்துக்கிட்டாங்க. 2003ல கார்னகி ஹால்ல வாசிச்சுட்டு பேண்டை முடிச்சுக்கிட்டாங்க. 2007ல அமெரிக்க அரசாங்கத்தோட ஜாஸ் மாஸ்டர் விருது.

இப்ப நீங்க பாக்குற ஸ்கூல் பொண்ணுங்களுக்கு வருவோம். ஜப்பான் ஸ்கூல்ல கிளப்பு கலாச்சாரம் ரொம்ப வலு, அதுல பிராஸ் பேண்ட் கிளப்புல பெரும்பாலும் பொண்ணுங்கதான். வாத்தியம் ஸ்கூலோடது, பிராக்டீஸ் தினமும், லீவு நாள்லயும். அதுல சில ஸ்கூலுங்க ஜாஸ் பிக் பேண்டாவே நடத்துறாங்க, ஹியோகோவுல தகசாகோ ஹைஸ்கூல் பேண்ட் ரொம்பப் பிரபலம். 2004ல ஷினோபு யாகுச்சி எடுத்த ஸ்விங் கேர்ள்ஸ் படம் வந்து இந்த ஆசையை ஊர் ஊருக்கு பரப்புச்சு. யமகதா கிராமத்துல கணக்குல ஃபெயிலாகி லீவுல ஸ்பெஷல் கிளாஸ் உக்காந்திருக்கிற பொண்ணுங்க, பேண்டுக்கு சாப்பாடு கொண்டு போற வழியில அது வெயில்ல கெட்டுப் போய் பேண்டே வாந்தியெடுத்து படுத்துட, இவங்க வாசிக்க வேண்டியதாயிடும். நடிச்ச பொண்ணுங்களே மாசக்கணக்குல கத்துக்கிட்டு சொந்தமா வாசிச்சாங்க. படம் லேசான காமெடிதான், ஆனா கடைசி கச்சேரிய டப்பிங் இல்லாத விரலோட பாக்குறது தனி சந்தோஷம்.

ஆனா ஒன்னு சொல்லணும், ஸ்கூல்ல இத்தனை பொண்ணுங்க வாசிச்சும் டோக்கியோ புரொஃபஷனல் பிக் பேண்டுங்கள்ல ரொம்ப காலம் பெரும்பாலும் ஆம்பளைங்கதான். அதனால தெறமையானவங்க தனியா லீடரா கிளம்புறாங்க, இல்லன்னா தோஷிகோ மாதிரி வெளிநாட்டுக்கு போறாங்க. ஹமாமாட்சுவுல பொறந்த பியானோக்காரி ஹிரோமி உவேஹாரா பெர்க்லி போய் 2003ல முதல் ஆல்பம் போட்டாங்க, 2011ல ஸ்டான்லி கிளார்க் பேண்டோட கிராமி வாங்குனாங்க, வேகத்துல யாரும் கிட்ட நிக்க முடியாது, எனக்கு சில நேரம் அந்த வேகமே மூச்சு முட்டும். ஜுன்கோ ஓனிஷியும் பியானோதான், ஆனா வேற ரகம், இடது கையில எடை இருக்கும், 1994ல நியூயார்க்கோட வில்லேஜ் வான்கார்டு ஜாஸ் கிளப்புல வாசிச்ச லைவ் இன்னும் சூடா இருக்கு. தோஷிகோவோட நேரடி வாரிசுன்னா நான் மிஹோ ஹஸாமாவைச் சொல்வேன், 1986ல பொறந்தவங்க, 2019ல டென்மார்க் ரேடியோ பிக் பேண்டுக்கு சீஃப் கண்டக்டர் ஆனாங்க. பியானோவுல உக்காந்து பாடகிக்கு பின்னால வாசிக்கிற வேலை இல்ல, ஐரோப்பாவோட பேர் போன பேண்ட் முன்னாடி நின்னு இப்படி வாசின்னு சொல்ற வேலை.

எங்க ஆரம்பிக்கிறதுன்னா, கசாகியை ஆடியோவா கேக்காதீங்க, அந்த குரோசவா பட சீனை தேடி வீடியோவாப் பாருங்க, உடம்பு இல்லாம அந்த பாட்டு பாதிதான். நான்சி உமெகியை ராத்திரி கேளுங்க. தோஷிகோவுக்கு முதல்ல 1975 லாங் யெல்லோ ரோடு, அது காதுக்கு சீக்கிரம் ஒட்டும், அப்புறம் கோகுன், அது பழகுனதும் மினமாதா. மினமாதா இருபது நிமிஷத்துக்கு மேல ஓடும், ஹெட்ஃபோன் போட்டு ஒரே மூச்சுல கேளுங்க, பஸ்ல பாதி வீட்டுல பாதின்னு கேட்டா அந்த சின்னப் பொண்ணு குரல் எதுக்கு முதல்ல வந்துச்சுன்னு புடிபடாது.